கரண்ட் போய் வந்த பிறகு ரவுட்டருக்கு எது நினைவிருக்கும்?

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சுற்றுக் கிராமங்களுக்குச் சின்ன அளவில் இணைய இணைப்பு கொடுப்பவர். மைய அறையில் சிஸ்கோ நிறுவனத்தின் ரவுட்டர் ஒன்று, கிராமங்களில் மைக்ரோடிக் நிறுவனத்தின் ரவுட்டர் இரண்டு. போன வாரம் மழையில் கரண்ட் போய், யுபிஎஸ் பேட்டரியும் இறங்கி, எல்லாம் அணைந்துவிட்டது. திரும்ப எழுந்தபோது மூன்று குழப்பம். சிஸ்கோவில் முந்தின நாள் போட்ட ரூட்டை, அதாவது எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் வரியை, காணவில்லை. மைக்ரோடிக் ஒன்றில் சோதனைக்காகப் போட்ட ஃபயர்வால் விதி (எதை விடுவது, எதைத் தடுப்பது என்று சொல்வது), ரீபூட் ஆனால் போய்விடும் என்று அவர் நினைத்திருந்தது, அப்படியே நிற்கிறது. அதே பெட்டியில் முப்பது நாளைக்குத் தடுத்து வைத்திருந்த முகவரிகளின் பட்டியலோ காலி. "ஒன்று மறக்கிறது, ஒன்று மறக்க மாட்டேன் என்கிறது. எதை நம்பி வேலை செய்வது? ஒவ்வொரு மாற்றத்துக்கும் உடனே சேவ் போட்டுவிடுவதுதான் வழியா?" என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உடனே சேவ் போடுவது வழி இல்லை. சேவ் போடாமல் வைத்திருக்கும் அந்த இடைவெளி ரவுட்டர் நமக்குக் கொடுத்திருக்கும் ஒரு வசதி. அதை எப்போது திறந்து வைப்பது, எப்போது மூடுவது என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும். தானாகத் திறந்தே கிடந்தால்தான் ஆபத்து.

சிஸ்கோவிலிருந்து ஆரம்பிக்கலாம். அதில் கான்ஃபிக், அதாவது ரவுட்டர் எப்படி நடக்க வேண்டும் என்ற அமைப்பு, இரண்டு இருக்கிறது. இப்போது ஓடிக்கொண்டிருப்பது ரன்னிங்-கான்ஃபிக்; அது ரேமில், அதாவது கரண்ட் போனால் அழிந்துவிடும் நினைவகத்தில் இருக்கிறது. அடுத்த முறை எழும்போது படிக்க வேண்டியது ஸ்டார்ட்அப்-கான்ஃபிக். அது என்விரேமில், அதாவது கரண்ட் இல்லாவிட்டாலும் அழியாத நினைவகத்தில் இருக்கிறது. கும்பகோணத்துப் பழைய பாத்திரக் கடைகளில் கணக்குப்பிள்ளை பகலெல்லாம் சிட்டையில் குறித்துக்கொண்டே இருந்து, ராத்திரி கடை கட்டும் முன் பேரேட்டில் ஏற்றுவாரே, அந்த ஏற்பாடுதான். ஒரே வித்தியாசம், கரண்ட் போனால் இங்கே சிட்டை சாம்பலாகிவிடும்.

ரவுட்டர் எழும் வரிசையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஸ்விட்ச் போட்டதும் முதலில் தன் வன்பொருளைச் சோதித்துக்கொள்கிறது. ரோம் என்ற நிலையான நினைவகத்தில் இருக்கும் சிறிய நிரல், ஃபிளாஷ் என்ற அழியாத நினைவகத்திலிருந்து இயங்குதளத்தை எடுத்து ஏற்றுகிறது. பிறகு என்விரேமிலிருந்து ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்கைப் படித்து ரேமில் வைக்கிறது. அந்த நொடியில் இரண்டும் ஒன்று. அதற்குப் பிறகு நீங்கள் தட்டும் ஒவ்வொரு வரியும் என்டர் அடித்த கணமே அமலுக்கு வருகிறது, ஆனால் ரேமில் மட்டும். காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக் என்ற கட்டளையையோ, ரைட் மெமரி என்ற பழைய வடிவத்தையோ கொடுக்கும்போதுதான் பேரேட்டில் ஏறுகிறது. உங்கள் ரூட் காணாமல் போனதற்குக் காரணம் இவ்வளவுதான்: சிட்டையில் எழுதினீர்கள், ஏற்றவில்லை.

ஒரு நாள் வேலை போனது பெரிய நஷ்டம் இல்லை, தம்பி. பெரிய நஷ்டம் எப்படி வரும் என்பதை நான் 2018-இல் பார்த்தேன். நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. உள்கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. எங்கள் பொறுப்பில் இருந்த ஒரு ரவுட்டர் அதற்கு முன் ஓராண்டுக்கும் மேலாக ஒரு முறைகூட அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை நாங்கள் பெருமையாகவே நினைத்திருந்தோம். ஜெனரேட்டர் கொண்டுபோய் உயிர் கொடுத்தபோது அது ஒழுங்காகத்தான் எழுந்தது. ஆனால் அந்த ஓராண்டு அதன் நினைவில் இல்லை. மேல் இணைப்பின் பழைய முகவரி, இடையில் சேர்த்த ஊர்கள் எதுவும் இல்லாத பட்டியல், மாற்றிவிட்ட பாஸ்வேர்டுக்குப் பதில் அதற்கு முந்தையது. நடுவில் யார் யாரோ உள்ளே போய் மாற்றியிருக்கிறார்கள். வேலை நடந்துவிட்டது, வெளியே வந்துவிட்டார்கள். அணையாத ரவுட்டர் அந்த மறதியை ஓராண்டு மூடி வைத்திருந்தது. ஊரே சொந்தக்காரர்களுக்கு ஒரு போன் போக வேண்டுமே என்று தவித்துக்கொண்டிருந்த நாளில், நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் ஞாபகத்தையும் வைத்து வரி வரியாக மறுபடி தட்டினோம்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. எந்த ரவுட்டரில் நுழைந்தாலும் முதல் வேலை, இரண்டு கான்ஃபிக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது. ஷோ ஆர்க்கைவ் கான்ஃபிக் டிஃபரன்சஸ் என்ற கட்டளையில் ஸ்டார்ட்அப்பை முதலிலும் ரன்னிங்கை இரண்டாவதாகவும் கொடுத்தால், கூடிய வரிக்குக் கூட்டல் குறியும் குறைந்த வரிக்குக் கழித்தல் குறியும் போட்டுக் காட்டும். வித்தியாசம் இருந்தால், அது யாருடையது, வேண்டுமென்றே விட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அடுத்த வேலை. கேட்காமல் ரைட் மெமரி கொடுத்தீர்கள் என்றால், வேறு ஒருவர் சோதனைக்காகப் பாதியில் விட்டிருந்ததையும் சேர்த்து நிரந்தரமாக்கிவிடுவீர்கள். சேவ் போடுவதற்கு முன் எதைச் சேவ் போடுகிறோம் என்று பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

இப்போது அந்த இடைவெளி ஏன் வசதி என்று சொல்கிறேன். முறைத் தண்ணீர் வரும் ராத்திரியில் வாய்க்காலில் நாலு மண்வெட்டி மண்ணை வெட்டிப் போட்டு, மடையைத் திருப்பிவிடுகிறோம். வேலை முடிந்ததும் விடியலில் அதை வெட்டி விட்டுவிடலாம், இல்லை தண்ணீரே அரித்துக்கொண்டு போய்விடும். யாரும் அந்த இடத்தில் சிமெண்ட் மதகு கட்டுவதில்லை. ரவுட்டரில் சேவ் ஆகாத மாற்றம் அந்த மண் தடுப்பு மாதிரி. தவறாக வைத்துவிட்டாலும் தானே கரைந்து பழைய ஓட்டம் திரும்பும்.

கோடியக்கரைப் பக்கம் இருக்கும் ஒரு ரவுட்டரில் மன்னார்குடியில் உட்கார்ந்துகொண்டு அக்சஸ் லிஸ்டை, அதாவது யாரை விடலாம், யாரைத் தடுக்கலாம் என்ற பட்டியலை, மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி பிசகினால் நீங்கள் வந்த வழியையே நீங்கள் அடைத்துக்கொள்வீர்கள். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் போக வேண்டும். அதனால் மாற்றத்தைத் தொடுவதற்கு முன் ரீலோடு இன் 10 என்று கொடுத்துவிடுங்கள். பத்து நிமிடத்தில் ரவுட்டர் தானே மறுபடி எழும். இணைப்பு அறுந்து போனால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தால் போதும். ரவுட்டர் பழைய ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்கோடு திரும்பி வரும். எல்லாம் சரியாக இருந்தால் ரீலோடு கேன்சல், அப்புறம் சேவ்.

இதில் ஒரு குழி இருக்கிறது. ரீலோடு கொடுக்கும்போது சேவ் ஆகாத மாற்றம் ஏதாவது இருந்தால், கான்ஃபிக் மாறியிருக்கிறது, சேவ் செய்யட்டுமா என்று ரவுட்டர் கேட்கும். பழக்க தோஷத்தில் ஆமாம் என்று அடித்துவிட்டால் அந்த மாற்றம் பேரேட்டில் ஏறிவிடும். மாற்றத்தைப் போட்டுவிட்டு அப்புறம் ரீலோடை நினைத்துக்கொண்டவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்: பத்து நிமிடம் கழித்து ரவுட்டர் அதே தவறோடு எழும். அதனால் வரிசை முக்கியம். நல்ல நிலையில் இருக்கும்போது சேவ், பிறகு ரீலோடு, பிறகுதான் மாற்றம்.

ரீலோடு எல்லா வாடிக்கையாளரையும் சில நிமிடம் இருட்டில் விடும். அதைத் தவிர்க்க, சிஸ்கோவின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் புதிய பதிப்புகளில் கான்ஃபிகர் டெர்மினல் ரிவர்ட் டைமர் 5 என்று உள்ளே போகலாம். ஐந்து நிமிடத்துக்குள் கான்ஃபிகர் கன்ஃபர்ம் என்று நீங்கள் உறுதி சொல்லாவிட்டால், ரீபூட் ஆகாமலே பழைய கான்ஃபிக்குக்குத் திரும்பிவிடும். இதற்கு ஆர்க்கைவ் வசதியை முன்கூட்டியே அமைத்து, பழைய பிரதிகள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். முடிந்தவர்கள் இதையே வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

பழைய நிலைக்குத் திரும்ப இன்னொரு குறுக்குவழி என்று பலர் நம்புவது, ஸ்டார்ட்அப்பை ரன்னிங் மேல் காப்பி செய்வது. அது வேலை செய்யாது. அந்தத் திசையில் காப்பி என்றால் மாற்றி வைப்பது கிடையாது, மேலே கலப்பது. நீங்கள் புதிதாகச் சேர்த்த தவறான ரூட், ஸ்டார்ட்அப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாததால், அப்படியே தங்கிவிடும். உண்மையிலேயே ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்க வேண்டும் என்றால் கான்ஃபிகர் ரீப்ளேஸ் கொடுக்க வேண்டும். எதிர்த் திசையில், அதாவது ரன்னிங்கை ஸ்டார்ட்அப்புக்குக் கொண்டுபோகும்போது, முழுதாக மாற்றித்தான் எழுதும். ஒரே காப்பி, இரண்டு திசையில் இரண்டு குணம். இதை மட்டும் மனதில் பதித்துக்கொண்டால் பாதித் தலைவலி குறையும்.

சரி, மைக்ரோடிக்குக்கு வருவோம். அங்கே சிட்டை, பேரேடு என்ற பிரிவே கிடையாது. மாற்றம் போட்டதுமே அது நடப்புக்கும் வந்துவிடும், நினைவகத்திலும் ஏறிவிடும். சேவ் என்ற கட்டளையைத் தேடினாலும் கிடைக்காது. சிஸ்கோவில் பழகிய கை, ரீபூட் செய்தால் போய்விடும் என்று நம்பிப் போட்ட விதி அதனால்தான் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதை முதலில் டிசேபிள் செய்து ஒரு நாள் பாருங்கள், பிறகு நீக்குங்கள்.

மைக்ரோடிக்கில் மண் தடுப்புக்குப் பதில் இருப்பது சேஃப் மோட். டெர்மினலில் கண்ட்ரோல்-எக்ஸ் அடித்தால் அதில் நுழைவீர்கள். அதற்குப் பிறகு செய்யும் மாற்றங்களைப் பெட்டி தனியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும். இணைப்பு எதிர்பாராமல் அறுந்தால், சுமார் 9 நிமிடத்தில் அது தெரிந்து, அத்தனையையும் தானே திருப்பிப் போட்டுவிடும். எல்லாம் சரி என்றால் மறுபடி கண்ட்ரோல்-எக்ஸ் அடித்து முறையாக வெளியே வர வேண்டும். அந்தக் கணக்குக்கு ஓர் அளவு உண்டு, கடைசி நூறு செயல்கள்வரைதான். ஆகவே ஒரே மூச்சில் பெரிய வேலையைச் செய்யாமல், கொஞ்சம் செய்து, சோதித்து, வெளியே வந்து, மறுபடி நுழையுங்கள்.

உங்கள் பட்டியல் காலியானதற்குக் காரணம் வேறு. மைக்ரோடிக்கின் அட்ரஸ் லிஸ்டில் ஒரு முகவரியைக் காலக்கெடு இல்லாமல் சேர்த்தால் அது நிரந்தரமாக எழுதப்படும். காலக்கெடு கொடுத்துச் சேர்த்தால் ரேமில் மட்டும் இருக்கும். நீங்கள் முப்பது நாள் என்று கொடுத்தீர்கள். பெட்டி அதை, அதிகபட்சம் முப்பது நாள் அல்லது அடுத்த ரீபூட் வரை, இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை என்று எடுத்துக்கொண்டது. ஃபயர்வால் விதி தானாக முகவரிகளைச் சேர்க்கும்போது இதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்: நன்-டைனமிக் (none-dynamic) என்றால் ரீபூட் வரை, நன்-ஸ்டாட்டிக் (none-static) என்றால் ரீபூட்டைத் தாண்டியும்.

இதை ஒரு குறையாகப் பார்க்காதீர்கள். எனக்கு மைக்ரோடிக்கில் மிகவும் பிடித்த ஏற்பாடே இதுதான். தடுக்கும் விதியை ஒரே ஒரு முறை, நிரந்தரமாக, இந்தப் பட்டியலில் இருப்பவரைத் தடு என்று எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு தற்காலிகமாகத் தடுக்க வேண்டிய ஒவ்வொருவருக்கும் புது விதி எழுத வேண்டியதில்லை. காலக்கெடுவோடு பட்டியலில் சேர்த்தால் போதும். கெடு முடிந்ததும் தானே விழுந்துவிடும். பணம் கட்டாத இணைப்பை நிறுத்தி வைப்பதற்கோ, எவரோ விடாமல் பாஸ்வேர்டு முயன்றுகொண்டிருந்தால் ஒரு நாள் ஒதுக்கி வைப்பதற்கோ இதைவிடச் சுத்தமான வழி இல்லை. ரீபூட்டுக்குப் பிறகும் கட்டாயம் நிற்க வேண்டியவரை மட்டும் கெடு இல்லாமல் சேருங்கள், கமெண்டில் தேதியையும் காரணத்தையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் கமெண்ட் இல்லாத விதியை நீக்க யாருக்கும் தைரியம் வராது. நானே பல பெட்டிகளில் காரணம் தெரியாத பழைய விதிகளைச் சுற்றி நடந்து போயிருக்கிறேன்.

வேறு பெட்டிகள் வாங்கும் எண்ணம் இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜூனிபர் நிறுவனத்தின் ரவுட்டரில் நீங்கள் தட்டுவது எதுவும் உடனே அமலுக்கு வராது. ஒரு வரைவில் சேர்ந்துகொண்டே இருக்கும். கமிட் கொடுத்ததும் அமலும் நிரந்தரமும் ஒன்றாக நடக்கும். கமிட் கன்ஃபர்ம்டு கொடுத்தால், 10 நிமிடத்துக்குள் மறுபடி கமிட் செய்யாவிட்டால் பழையதற்குப் போய்விடும். நடப்பில் இருப்பதோடு சேர்த்து 50 பிரதிகள்வரை வரிசை எண்ணோடு வைத்திருக்கும். ஓப்பன்டபிள்யுஆர்டி என்ற ரவுட்டர் இயங்குதளத்தில் யுசிஐ செட் என்ற கட்டளை தற்காலிக இடத்தில்தான் எழுதும். யுசிஐ கமிட் கொடுத்தால்தான் கோப்பில் ஏறும். அதற்குப் பிறகும் அந்தச் சேவையை ரீலோடு செய்தால்தான் நடப்புக்கு வரும். வையாஸ் என்ற இன்னொரு ரவுட்டர் இயங்குதளத்தில் கமிட் அமலாக்கும், சேவ் நிரந்தரமாக்கும். பெட்டி எதுவாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான்: நான் தட்டியது எப்போது அமலுக்கு வருகிறது, எப்போது நிரந்தரமாகிறது?

சேவ் போட்டும் நிற்காதவை சில உண்டு. ஏஆர்பி அட்டவணை (எந்த ஐபி முகவரி எந்தக் கருவியுடையது என்ற குறிப்பு), நாட் இணைப்புகள் (பலர் ஒரே வெளி முகவரியைப் பகிரும்போது ஓடும் இணைப்புகள்), ரவுட்டிங் புரோட்டோகால் வழியாக மற்ற ரவுட்டர்களிடமிருந்து கற்றுக்கொண்ட ரூட்டுகள் இவையெல்லாம் நிலைமை, கான்ஃபிக் கிடையாது. ரீபூட்டில் போகும், தானாகத் திரும்பி வரும், கவலை வேண்டாம். டிஎச்சிபி வழியாக, அதாவது இணையும் கருவிகளுக்குத் தானாகக் கொடுத்த முகவரிகள் நடுவில் நிற்கின்றன: மைக்ரோடிக் அவற்றை வழக்கமாக 5 நிமிடத்துக்கு ஒரு முறை எழுதி வைக்கும். ஏன் ஒவ்வொன்றாக உடனுக்குடன் எழுதுவதில்லை என்றால், ஃபிளாஷ் நினைவகத்துக்கு அழித்து எழுதும் எண்ணிக்கையில் ஆயுள் உண்டு. நிமிடத்துக்குப் பத்து முறை மாறும் விஷயத்தை அதில் எழுதிக்கொண்டே இருந்தால் பெட்டி சீக்கிரம் தேய்ந்துவிடும்.

இரண்டு விஷயம் மட்டும் உண்மையிலேயே கவலைக்குரியவை. ஒன்று, லாக், அதாவது நடந்தவற்றை ரவுட்டர் எழுதி வைக்கும் குறிப்பு. பெரும்பாலும் அது ரேமில் இருப்பதால், ரவுட்டர் ஏன் விழுந்தது என்று சொல்ல வேண்டிய ஒரே சாட்சி விழும்போதே அழிந்துவிடும். லாக்கை வெளியே ஒரு கணினிக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். பழைய கம்ப்யூட்டர் ஒன்று போதும். இன்னொன்று, கடிகாரம். பேட்டரி இல்லாத பெட்டி அணைந்து எழுந்தால் அதற்குத் தேதி தெரியாது. பழைய சிஸ்கோ ரவுட்டர்கள் சில 1993 மார்ச் 1 என்று நினைத்துக்கொண்டு எழும். சின்னப் பெட்டிகள் பல 1970-க்கே போய்விடும். சான்றிதழ் வைத்து இயங்கும் விபிஎன் (இணையத்தின் மேல் ஓடும் பாதுகாப்பான தனி இணைப்பு) அப்போது, இந்தச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகும் நாளே வரவில்லை என்று மறுத்துவிடும். கான்ஃபிக் அத்தனையும் சரியாக இருக்கும், விபிஎன் மட்டும் எழாது. இணையத்திலிருந்து நேரம் கேட்டுக் கடிகாரத்தைச் சரி செய்யும் என்டிபியை அமைத்து, அது அந்த விபிஎன்னுக்குள் போகாமல் நேரடியாக வெளியே போய் நேரம் கேட்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

சேவ் செய்திருந்தும் படிக்காத பெட்டியும் உண்டு. சிஸ்கோவில் பாஸ்வேர்டு மறந்தால், ரவுட்டர் எப்படி எழ வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிகரேஷன் ரெஜிஸ்டர் என்ற எண்ணை 2102-இலிருந்து 2142-க்கு மாற்றி எழுப்புவார்கள். அப்படிச் செய்தால் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்கைத் தொடாமலே எழும். வேலை முடிந்ததும் திரும்ப 2102-க்கு மாற்ற மறந்துவிட்டால், ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் ரவுட்டர் வெறும் பெட்டியாக எழும். என்விரேமில் எல்லாம் பத்திரமாக இருக்கும். ஷோ வெர்ஷன் வெளியீட்டின் கடைசி வரியில் இந்த எண் தெரியும். செகண்ட்-ஹேண்டில் வாங்கிய பெட்டி என்றால் முதல் நாளே பார்த்துவிடுங்கள். அதே போல சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் நெட்வொர்க் சுவிட்ச் வாங்கினால், ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்கை அழிக்கும் ரைட் இரேஸ் கொடுத்தும் பழைய விலான்கள் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்குகள்) போகாமல் இருக்கலாம். அவை vlan.dat என்ற தனிக் கோப்பில் ஃபிளாஷில் இருக்கின்றன. தனியாகத்தான் அழிக்க வேண்டும்.

பெட்டிக்குள் எத்தனை பத்திரமாக வைத்தாலும் இடி விழுந்தால் பெட்டியே போய்விடும். நம் பக்கம் அது அடிக்கடி நடப்பதுதான். மைக்ரோடிக்கில் பேக்கப், எக்ஸ்போர்ட் என்று இரண்டு உண்டு. பேக்கப் கோப்பு அதே பெட்டியில் திரும்ப ஏற்றுவதற்கு. எக்ஸ்போர்ட் என்பது படிக்கக்கூடிய எழுத்து. வேறு மாடல் வாங்கினாலும் பார்த்துப் பார்த்துப் போடலாம். இரண்டையும் எடுத்து வெளியே வையுங்கள். சிஸ்கோவில் ஆர்க்கைவுக்குள் ரைட்-மெமரி என்று ஒரு வரி சேர்த்தால், நீங்கள் சேவ் போடும் ஒவ்வொரு முறையும் ஒரு பிரதி வெளிக் கணினிக்குப் போகும். அந்தக் கோப்புகளில் பாஸ்வேர்டுகளும் இருக்கும் என்பதால் வாட்ஸப் குழுவில் போட்டு வைக்க வேண்டாம்.

கரண்ட் விட்டு விட்டு வரும் நேரத்தில் சேவ் போடுவதையும் தவிர்த்துவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது அணைந்தால் பழையதும் இல்லாமல், புதியதும் இல்லாமல் நிற்க நேரலாம். யுபிஎஸ் நிலையாக நிற்கும்வரை பொறுங்கள்.

கடைசியாக, ஐப்பசி அடைமழை பிடிப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு, வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒவ்வொரு பெட்டியையும் நீங்களே அணைத்துப் போடுங்கள். பக்கத்திலேயே நின்றுகொண்டு, கையில் முந்தின நாள் எடுத்த பிரதியோடு. எது மறந்து எழுகிறது என்று அன்றைக்குத் தெரிந்துவிடும், உட்கார்ந்து சரி செய்ய நேரமும் இருக்கும். இந்த ஆண்டு மழை ஏற்கெனவே தொடங்கிவிட்டதால், நீங்கள் இன்றைக்கே அந்த சிஸ்கோவில் ரூட்டை மறுபடி போட்டு, இரண்டு கான்ஃபிக்கையும் ஒப்பிட்டுப் பார்த்து, சேவ் கொடுத்துவிடுங்கள். மைக்ரோடிக் பட்டியலை அதற்குப் பிறகு பார்க்கலாம்.